பையோடு வந்து இறங்கும் நோய்

கொய்யாவில் நோய் என்றதும் தோட்டக்காரரின் கை தானாக இலைக்கும் காய்க்கும்தான் போகும். இலை செம்பழுப்பு ஏறினால் சத்துக் குறைவு, காயில் சொறி வந்தால் பூஞ்சாணம், கிளை காய்ந்தால் தண்ணீர் பற்றவில்லை என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு உண்டு. மருந்துக்கடையும் அந்தக் கணக்கின்படிதான் நடக்கிறது. நாலு இலையை ஒடித்துக் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு பாட்டிலும் ஒரு பொட்டலமும் கைக்கு வந்துவிடும். இத்தனை காலம் கொய்யாவோடு இருந்தவன் என்ற முறையில் என்னைக் கேட்டால், தோட்டத்தையே காலி செய்கிற நோய்க்கும் தெளிப்பானுக்கும் சம்பந்தம் குறைவு என்பேன். நட்ட தோட்டம் பதினைந்து இருபது வருடம் நின்று காய்க்குமா, நாலாம் வருடமே மரம் மரமாகப் போக ஆரம்பிக்குமா என்பது பெரும்பாலும் கன்று வாங்குகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. இதைச் சொன்னால் மறுப்பவர்கள் நிறைய. அவர்கள் மறுப்பில் நியாயம் உள்ள இடங்களும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், கொய்யா வைக்கும் முறை எப்படி மாறியது என்பதைப் பார்க்க வேண்டும். பழநிப் பக்கம் ஆயக்குடி வட்டாரத்தில் நெடுங்காலம் நின்றவை லக்னோ-49 மரங்கள்தாம். புனேயை ஒட்டிய கணேஷ்கிண்டில் 1927-இல் தேர்வு செய்யப்பட்ட ரகம் அது. சர்தார் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆறு மீட்டருக்கு ஒரு மரம் என்றால் ஏக்கருக்கு நூற்றுப் பத்து மரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்கு வேண்டிய பதியன் சொந்த மரத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ கட்டி எடுத்ததாக இருக்கும். கிளையில் பட்டையை உரித்து, ஈரப்பாசி வைத்துக் கட்டி, வேர்விட்டதும் வெட்டி, தேற்றி, நேராகக் குழிக்குக் கொண்டுபோவார்கள். கன்று எங்கிருந்து வந்தது, தாய்மரம் எது என்பது நட்டவருக்குத் தெரியும். இன்று மூன்று மீட்டர் இடைவெளி சாதாரணம். அதற்கே ஏக்கருக்கு நானூற்று ஐம்பது கன்று வேண்டும். லக்னோவின் மத்தியத் தோட்டக்கலை நிறுவனம் சொன்ன இரண்டுக்கு ஒரு மீட்டர் அடர் நடவு என்றால் ஏக்கருக்கு இரண்டாயிரம் கன்று. தைவான் பிங்க், அர்கா கிரண் என்று ரகங்கள் வந்தபோது ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் கன்று கேட்டார்கள். கேட்ட அளவுக்கு எந்த ஊரிலும் தாய்மரம் கிடையாது. ஆகவே கன்று நர்சரியில் உற்பத்தியாகி, லாரியில் ஏறி, மாவட்டம் தாண்டியும் மாநிலம் தாண்டியும் வரத் தொடங்கியது. கன்றோடு மண்ணும் வந்தது. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் யாரும் கணக்கில் வைக்கவில்லை.

நர்சரியில் பை நிரப்புகிற கலவை செம்மண், மணல், தொழு உரம். செம்மண் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை. முன்பு தக்காளியோ கத்தரியோ விளைந்த நிலத்தின் மேல்மண்ணாக இருந்தால், வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டை அதிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். நிரப்பிய பையை வெறும் தரையில் வரிசையாக அடுக்கிவைப்பார்கள். ஆறு மாதம் ஒரே இடத்தில் நின்றால் பையின் அடித்துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடும். விற்கும்போது பையைப் பிடுங்கினால் அந்த வேர் அறுபடும், அறுந்த வேரோடு தரையின் புழுவும் பைக்குள் தங்கும். அதே இடத்தில் அடுத்த தொகுதிப் பை வந்து உட்காரும். மேலே பூவாளியில் ஊற்றுகிற தண்ணீர் ஒரு பையிலிருந்து வழிந்து அடுத்த பைக்குள் போகும். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நர்சரிக்காரர் பச்சையாக, வாட்டமில்லாமல் ஒரு கன்று கொடுக்கிறார். வாங்குகிறவரும் பச்சையைப் பார்த்துத்தான் வாங்குகிறார். நூற்புழு ஏறிய கன்று பைக்குள் இருக்கும்வரை தினமும் தண்ணீரும் நிழலும் கிடைப்பதால் நன்றாகவே தெரியும். அதன் சுயரூபம் வெளிப்படுவது வெயிலில் நட்டு, முதல் ஒன்றிரண்டு காய்ப்பின் சுமை ஏறும்போது.

இங்கே நாம் பேசுவது பழைய வேர்முடிச்சுப் புழுவை மட்டுமல்ல. காய்கறிக்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த இனங்கள் கொய்யாவையும் தாக்கும் என்றாலும் மரம் சமாளித்துக்கொள்ளும். மெலாய்டோகைன் என்டரோலோபி என்கிற இனத்தின் கதை வேறு. 1983-இல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரிலிருந்து இதை எடுத்து விவரித்தார்கள். 2001-இல் பிரேசிலின் சான் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், பெட்ரோலினா, ஜுவாசெய்ரோ பக்கத்துக் கொய்யாத் தோட்டங்களில் இதைக் கண்டார்கள். அங்கே கொய்யாத் தொழிலுக்கே பெரிய அடியாக அது முடிந்தது. இந்தியக் கொய்யாவில் இந்த இனம் இருப்பதாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுப் பதிவு வந்தது 2016-இல். மற்ற வேர்முடிச்சுப் புழுக்களைத் தாங்கும் தக்காளி ரகங்கள்கூட இதற்குத் தாங்குவதில்லை. ஒரு பெண்புழு சில நூறு முட்டைகளைப் பசை போன்ற உறைக்குள் இடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வருடத்துக்கு எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மரப்பயிர் என்பதால் உணவுக்கு இடைவெளியே கிடையாது. காய்கறி நிலத்தில் அறுவடை முடிந்தால் புழு பட்டினி கிடக்கும், கொய்யாவில் வேர் எப்போதும் இருக்கிறது.

மரம் காட்டும் அறிகுறி ஏமாற்றக்கூடியது. இலை ஓரம் மஞ்சளாகி, பின் செந்நிறமோ ஊதாவோ ஏறும். புது இலை சிறுத்து வரும். நுனிக்கிளை மொட்டையாகும். காய் பிடித்தாலும் பெருக்காமல் கல்லாக நிற்கும். துத்தநாகக் குறைவிலும் இலை சிறுக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்தாலும் இலையில் செம்பு நிறம் வரும். அதனால் முதல் வைத்தியம் எப்போதும் துத்தநாக சல்பேட் தெளிப்புதான். தெளித்தால் இரண்டு வாரம் கொஞ்சம் பச்சை திரும்புவதும் உண்டு. வேர் வழியாக ஏறாத சத்து இலை வழியாகக் கொஞ்சம் ஏறியதால் வந்த பச்சை அது. அந்தப் பச்சையை நம்பி ஒரு வருடம் போய்விடும். சந்தேகம் தீர ஒரே வழி மண்வெட்டி. தூரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, சொட்டுநீர் விழும் ஈரத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, பென்சில் கனத்துக்கும் குறைந்த வேர்களை மண்ணோடு எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் அலச வேண்டும். பிடுங்கி உதறினால் சிறுவேர் எல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும்; அலசத்தான் வேண்டும். நல்ல வேர் மெல்லிசாக, ஒரே சீராக, நுனி வெளுத்து இருக்கும். புழு ஏறிய வேரில் வரிசையாக வீக்கங்கள். நாள்பட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வேரே இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆகிவிடும், சல்லிவேர் என்று ஒன்று இருக்காது. நிலக்கடலை வேரில் முடிச்சு பார்த்துப் பழகியவர்கள் இதையும் நல்லது என்று நினைத்துவிடுவது உண்டு. கடலை வேர் முடிச்சை நகத்தால் தள்ளினால் உதிரும். இது உதிராது; வீங்கியிருப்பது வேரேதான்.

இங்கே வலுவான முதல் மறுப்பு வருகிறது. கொய்யா வாடல் புதிது அல்லவே, அலகாபாத்தில் 1935-லேயே பதிவாகியிருக்கிறதே, அதற்குக் காரணம் ஃபியூசேரியம் பூஞ்சாணம் என்று பாடப்புத்தகமே சொல்கிறதே, நூற்புழுவை எதற்கு இழுக்கிறீர்கள் என்பார்கள். பதிவு உண்மை. வடக்கே கங்கைச் சமவெளியில் மழைக்காலம் முடியும்போது, தண்ணீர் தேங்கும் மண்ணிலும் களர் ஏறிய மண்ணிலும் மரம் சில வாரங்களில் வாடிப் போவது வெகுகாலமாக நடக்கிறது. அங்கே நுனி இலை மஞ்சளாகிச் சுருண்டு, பட்டை வெடித்து, பட்டைக்கு அடியில் மரம் பழுப்பேறியிருக்கும். வேரில் முடிச்சு இல்லாமலேயே சாகிற மரங்களும் உண்டு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேசிலில் இந்தக் கேள்வியையே வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2011-இல் வெளிவந்தது. சில கன்றுகளுக்குப் பூஞ்சாணம் மட்டும் கொடுத்தார்கள். சிலவற்றின் வேரைக் கத்தியால் வெட்டிக் காயப்படுத்திவிட்டுப் பூஞ்சாணம் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு நூற்புழு மட்டும். சிலவற்றுக்கு முதலில் நூற்புழு, பிறகு பூஞ்சாணம். வேர் அழுகியது கடைசி வகையில்தான். காயம் மட்டும் இருந்தால் போதாது, புழு வேரை மாற்றிவைத்த பிறகே அந்தப் பூஞ்சாணம் உள்ளே வேலை செய்கிறது என்பதுதான் அதன் பொருள். அங்கே பயன்படுத்தியது ஃபியூசேரியம் சொலானி. வடக்கே வாடலில் பேசப்படும் பூஞ்சாணங்களில் அதுவும் ஒன்று. ஆகவே பூஞ்சாணம் இருப்பதைக் காட்டி நூற்புழுவை விலக்கிவிட முடியாது. வாடிய மரத்தின் தூரில் கார்பென்டசிம் கரைத்து ஊற்றுவது பழகிப்போன காரியமாகிவிட்டது. ஊற்றியும் மரம் போனால், மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் வேரைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது மறுப்பு மருந்தின் பேரில் வருவது. புழு என்றால் புழுமருந்து போடலாமே என்பார்கள். ஒரு காலத்தில் போரேட் குருணைதான் எல்லாவற்றுக்கும் பதில். தூரைச் சுற்றி ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீர் கட்டிவிட்டால் கடமை முடிந்தது. நஞ்சின் கடுமை காரணமாக 2020 முடிவோடு அதன் பயன்பாடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது ஃப்ளூவோபைரம் போன்ற புதிய மருந்துகள் சொட்டுநீரில் விடும்படி வருகின்றன. அவை வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மண்ணில் திரியும் இளம்புழுக்களை நன்றாகவே அடக்குகின்றன. ஆனால் முடிச்சுக்குள் உட்கார்ந்திருக்கும் தாய்ப்புழுவையும் உறைக்குள் இருக்கும் முட்டையையும் அவை அந்த அளவுக்கு எட்டுவதில்லை. சொட்டுநீர் நனைக்கும் வட்டத்துக்கு வெளியே இருக்கும் வேருக்கு மருந்தே போகாது. மருந்தின் வலு குறைந்ததும் முட்டை பொரிந்து பழைய நிலை திரும்புகிறது. மூன்று மாதத் தக்காளிக்கு இந்த அவகாசம் போதும். அதற்குள் அறுவடை முடிந்துவிடும். பதினைந்து வருட மரத்துக்கு வருடா வருடம் மருந்து வாங்க வேண்டும். உயிர்க் கட்டுப்பாட்டுப் பூஞ்சாணமான பர்ப்பியூரியோசில்லியம் லிலாசினம், டிரைக்கோடெர்மா ஆகியவற்றைத் தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் இரண்டு வாரம் மூடிவைத்துப் பெருக்கி, வேப்பம் புண்ணாக்கோடு தூரில் இடுவதை நான் ஆதரிக்கிறேன். அதுவும் நடும்போதே குழியில் ஆரம்பித்தால் பலன் உண்டு. முடிச்சு முற்றிய மரத்துக்கு அதைப் போட்டுவிட்டு இயற்கை முறை பலிக்கவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை.

நட்டபின் நாமே புழுவை வளர்ப்பதும் நடக்கிறது. முதல் இரண்டு வருடம் மரம் வருமானம் தராது. இடையில் ஏதாவது வைத்துச் செலவைத் தேற்ற வேண்டும். வரிசைக்கு நடுவே தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போடுவது பலரது வழக்கம். நான்குமே இந்தப் புழுவுக்குப் பிடித்த தீனி. ஏக்கருக்கு நாலு கன்றில் மட்டும் புழு வந்திருந்தாலும் இரண்டு வருடக் காய்கறி அதை வரப்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நிலக்கடலை வைத்தால் இந்தத் தொல்லை குறைவு, அதில் இந்தப் புழு பெருகுவதில்லை. செண்டுமல்லியும் நல்லது; பூவுக்கு விலை இல்லாத மாதத்தில் அதை மடக்கி உழுதாலும் நட்டமில்லை. வாய்க்கால் பாசனமும் பரப்பும், தோட்டத்துக்குத் தோட்டம் வாடகைக்குப் போகும் ரொட்டேவேட்டரும் பரப்பும். கத்தியில் ஒட்டிய ஈரமண்ணோடு அது அடுத்த தோட்டத்துக்குள் நுழைகிறது. வாடகை வண்டியைக் கழுவிவிட்டு வரச் சொன்னால் டிரைவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இனி காய்க்கும் இலைக்கும் வருகிற நோய்கள். பறிகுழி நோய் என்றும் கரும்புள்ளி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் கொலட்டோட்ரைக்கம் நோய்தான் மண்டியில் விலையைக் குறைப்பது. இதன் தந்திரம் என்னவென்றால், பச்சைக் காயில் ஏறி ஒளிந்திருக்கும். பறிக்கும்போது தோல் சுத்தமாக இருக்கும். பெட்டியில் பழுக்கும்போது கருத்த, குழிந்த புள்ளி கிளம்பும். கமிஷன்காரர் கழிவு எடுத்தால் ஏமாற்றுகிறார் என்று தோன்றும். ஆனால் நோய் பறிப்புக்கு முன்பே ஏறியது. அதனால் பறிக்கிற வாரத்தில் மருந்தடிப்பது வீண். எச்சம் தங்குவதுதான் மிச்சம். மழை தொடங்கும் முன், பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே தாமிர மருந்து படிந்திருக்க வேண்டும். பழைய போர்டோ கலவை இன்றும் இதற்கு மலிவான, நல்ல மருந்து. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறத் துரு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். இவ்வளவு வேலையா என்று தயாராக வரும் தாமிரப் பொட்டலத்துக்குப் போய்விட்டோம். அதுவும் கேட்கும், செலவு கூட.

காயில் வரும் சொறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் தவறான மருந்தில் போவது இங்கேதான். பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற பூஞ்சாணத்தாலும் சொறி வரும், தேயிலைக் கொசு என்கிற நாவாய்ப்பூச்சி குத்தியதாலும் சொறி வரும். பூஞ்சாணச் சொறி சிறிய பழுப்பு வட்டமாக ஆரம்பித்து, தோல் வெடித்து, ஓரம் மேடாகவும் நடு பள்ளமாகவும் நிற்கும். பூச்சி குத்திய இடம் முதலில் நீர் கோத்த கரும்புள்ளியாக இருக்கும். பிறகு காய்ந்து தக்கை போல மேலெழும்பும்; ஒரே காயில் பல இடத்தில் இருக்கும். இதற்கு இன்னொரு அடையாளம், பக்கத்துக் கொழுந்திலும் காம்பிலும் அதே கருப்புத் தழும்பு, நுனி கருகல். பூஞ்சாணச் சொறி வந்த மரத்தில் கொழுந்து இப்படிக் கருகாது. இந்தப் பூச்சி வேம்பிலும் முந்திரியிலும் பிழைக்கும். வேலியோரம் வேப்பமரக் கொழுந்து கருகி நின்றால் தோட்டத்தில் காயைப் புரட்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பூச்சிக்கு எத்தனை முறை பூஞ்சாண மருந்து அடித்தாலும் அது செத்துவிடப் போவதில்லை. அடுத்த தடவை அதே மருந்தை இரட்டிப்பு அளவில் அடிப்பார்கள். கரும்பூசணமும் இப்படித்தான்: இலைமேல் கரி பூசியது போலத் தெரிவது நோய் அல்ல, சுருள் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் சிந்திய தேன்கழிவில் வளர்ந்த பூசணம். பூச்சி போனால் பூசணம் மழையில் தானாகக் கழுவிப் போகும்.

அப்படியானால் காய்நோய்களை நர்சரி கொண்டுவரவில்லையே, உங்கள் வாதம் பாதி ஆகிவிட்டதே என்று ஒருவர் கேட்டால், ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது வேறு. காய்நோய் அந்தப் பருவத்தின் வருமானத்தைத்தான் கொண்டுபோகும். அடுத்த பருவத்தில் கவாத்து செய்து, காய்ந்த குச்சியையும் விழுந்த காயையும் அகற்றி, மரத்துக்குள் வெயில் விழவிட்டு, நேரத்துக்கு ஒரு தாமிரம் அடித்தால் தோட்டம் மீண்டுவிடும். தைவான் பிங்க் வைத்தவர்கள் எலுமிச்சை அளவில் காய்க்கு நுரை வலையும் பாலித்தீன் பையும் மாட்டத் தொடங்கியது முதலில் பழ ஈக்காகவும் தோலின் பளபளப்புக்காகவும்தான். அதோடு கொசுவின் குத்தும் கரும்புள்ளியும் பெருமளவு குறைந்தன. ஆளுக்கு ஆகும் கூலி பயமாக இருந்தாலும், மருந்துச் செலவைக் கழித்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அடர் நடவுக்காரர்கள் கவாத்தை ஒரு வருடம் விட்டால் கிளை பின்னி, மழைநீர் நாள் முழுக்க இலையில் காயாமல் நின்று, காய்நோய்க்கு வசதியாகிவிடும். அதையும் அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம். வேருக்குள் போன புழுவைத் திருத்த வழியில்லை. பணத்தையும் கவனத்தையும் எங்கே முதலில் வைப்பது என்பதுதான் கேள்வி. வருடாவருடம் திரும்பி வரும் நோயிடம் கவனத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, ஒரே ஒரு முறை வாசலில் தடுக்க முடிகிற நோயைக் கோட்டைவிடுகிறோம்.

நர்சரிக்காரர் பையைக் கிழித்துப் பார்க்க விடுவாரா என்பது அடுத்த மறுப்பு. சும்மா விடமாட்டார். நூறு கன்றுக்கு இரண்டு கன்று வீதம் காசு கொடுத்து, நாமே வரிசையின் நடுவிலிருந்து எடுத்து, அங்கேயே பையைக் கிழித்து வாளியில் அலசிப் பார்த்தால் யார் தடுக்க முடியும்? முன்வரிசையில் வைத்திருப்பதை எடுக்கக் கூடாது. தரையில் வேர் இறங்கி நிற்பதும் தண்ணீர் வடியும் மூலையில் இருப்பதும்தான் பார்க்கத் தகுந்தவை. ஆயிரம் கன்றுக்கு இருபது கன்றின் காசு போகும். ஒரு முடிச்சு தெரிந்தாலும் அந்தத் தொகுதியே வேண்டாம். மண்ணும் வேருமாகக் கால் கிலோ எடுத்து, ஈரம் போகாமல் பையில் கட்டி, வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறையிலோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்து விசாரிக்கவும் முடியும். கோடையில் ஈரமண்ணின் மேல் தெளிந்த பாலித்தீன் தாளை நான்கு முதல் ஆறு வாரம் இறுக்கிப் போர்த்தி வெப்பமேற்றிய கலவையிலோ தென்னைநார்க் கழிவிலோ வளர்த்து, தரையில் படாமல் கம்பி மேடையில் நிறுத்திய கன்றுக்கு விலை கூடத்தான் இருக்கும். இருமடங்கு என்றே வைத்துக்கொள்வோம். சொட்டுநீர்க் குழாய், கம்பி வேலி, போர்வெல் என்று செலவழிக்கும் தொகைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? கன்றில் மட்டும் பேரம் பேசுகிறோம். வாங்குகிறவர்கள் வேரைக் கேட்கத் தொடங்கினால் மேடை போடாத நர்சரியும் போட்டுவிடும். இலையை மட்டும் கேட்கும்வரை இலைதான் கிடைக்கும்.

ஏற்கெனவே புழு ஏறிய தோட்டத்துக்கு என்ன வழி என்பார்கள். முழுத் தீர்வு இன்னும் கைக்கு வரவில்லை. பிரேசிலில் கொய்யாவையும் காட்டுக்கொய்யா இனம் ஒன்றையும் சேர்த்து குவாராசா என்ற ஒட்டுவேர் ரகத்தை அவர்களது வேளாண் ஆய்வு நிறுவனமான எம்ப்ராபா வெளியிட்டிருக்கிறது. அது இந்தப் புழுவைத் தாங்கும். ஸ்ட்ராபெரி கொய்யா என்கிற சிற்றினமும் தாங்கும், ஆனால் அதன்மேல் நம் கொய்யாவை ஒட்டினால் பிடிப்பது குறைவு. லக்னோவில் வாடலுக்குத் தாங்கும் ஒட்டுவேர் உருவாக்கியிருக்கிறார்கள். வாடலுக்குத் தாங்குவது எல்லாம் நூற்புழுவுக்கும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நர்சரியில் யாராவது நூற்புழு தாங்கும் கன்று என்று சொன்னால் எந்த வேரின்மேல் ஒட்டியது என்று கேட்க வேண்டும். பதியன் என்று பதில் வந்தால் அதற்கு ஒட்டுவேரே கிடையாது. பாதிக்கும் மேல் நன்றாக நிற்கும் தோட்டமாக இருந்தால், காய்ச்சுமையைக் குறைத்து, தொழு உரத்தையும் புண்ணாக்கையும் கூட்டி, தேவைப்பட்டால் வருடம் ஒருமுறை மருந்தும் விட்டு இன்னும் சில வருடம் வருமானம் எடுக்கலாம். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். செத்த மரத்தின் குழியில் மட்டும் உடனே இன்னொரு கொய்யாக் கன்று வைக்கக் கூடாது. பக்கத்து மரத்தின் வேரிலிருந்தே அது ஒரு பருவத்துக்குள் பிடித்துக்கொள்ளும். பழைய வேரைக் கிளறி எடுத்து வரப்பில் எறியாமல் அந்தக் குழியிலேயே போட்டுக் கொளுத்தி, அந்த மண்ணை வேறு மரத்துக்கு அணைக்காமல், மண்வெட்டியைக் கழுவிவிட்டு அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். முழுத் தோட்டத்தையும் எடுத்துவிட்டால் இரண்டு வருடமாவது நிலக்கடலையும் செண்டுமல்லியும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு கோடையாவது ஆழ உழுது வெயிலில் காயவிட்டு, மண்ணைச் சோதித்த பிறகே மறுபடி கொய்யாவைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் ஊடுபயிராகத் தக்காளி போட்டால் நல்ல விலை வருகிறதே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அந்த நிலத்தில் வேண்டாம்.